ஏணியா? தாயா?

நம் மூளையின் நரம்பணுக்கள் யாருடைய வாரிசுகள்? பதில் சொன்னவை சுண்டெலிகள்!

நரம்பணுக்கள் ஒரு குலம், அவற்றைத் தாங்கும் கிளியா உயிரணுக்கள் வேறு குலம் என்று 1889இல் பிரித்தவர் வில்ஹெல்ம் ஹிஸ். கருவின் மூளையில் உள்ள நீண்ட ‘ரேடியல் கிளியா’ உயிரணுக்களைப் பற்றிக்கொண்டே புதிய நரம்பணுக்கள் மேலேறுகின்றன என்று 1972இல் விளக்கினார் பாஸ்கோ ரேகிச். ஆக, அவை வெறும் ஏணி என்றே பலரும் நினைத்தனர்.

உண்மையை அறிய வம்சாவளி தேவைப்பட்டது. பாக்டீரியாவைத் தாக்கும் பி1 நச்சுயிரியிடமிருந்து ‘கிரி’ என்ற நொதியை எடுத்தனர். அது ரேடியல் கிளியாவில் வேலை செய்யுமாறு சுண்டெலியின் மரபணுவை மாற்றினர். நொதி ஒருமுறை வெட்டினால் போதும். அந்த அடையாளம் பிள்ளை, பேரப்பிள்ளை என எல்லா உயிரணுக்களிலும் தொடரும்.

2003இல் ஜெர்மனியின் மக்தலேனா கெட்ஸ் குழு, பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை இவற்றின் பிள்ளைகளே என்றது. மூளையின் அடிப்பகுதியில் மட்டும் அப்படி இல்லையாம்! 2004இல் நியூயார்க்கில் நாதனியல் ஹைன்ட்ஸ் குழு வேறொரு மரபணுவின் துணையோடு தேடியது. எல்லாப் பகுதிகளிலும் இவையே தாய் என்று தெரிந்தது.

ஏணி என்று நாம் ஒதுக்கியது, பெற்ற தாயை!