குடகின் கச்சம்புளி: கருப்பாக, கெட்டியாக இருந்தால் மட்டும் போதுமா?

பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை பார்ப்பவர்கள் வீக்எண்டில் குடகு போனால், காபித்தூள், தேனோடு கடைகளில் ஒரு சின்ன கருப்பு பாட்டிலையும் பார்த்திருப்பார்கள். அதுதான் கச்சம்புளி. குடகின் பன்றிக்கறியான பந்தி கறிக்கு புளிப்பும் கரிய நிறமும் தருவது இதுதான். 'கூர்க் வினிகர்' என்றும் விற்கிறார்கள். ஆனா, வினிகர் வேற, இது வேற.

எந்தப் பழம்?

கேரள மீன் குழம்பில் போடுகிற அதே குடம்புளிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இந்த மரத்தின் பழம், தென்மேற்குப் பருவமழை நேரத்தில் பழுக்கிறது. வெயிலே எட்டிப் பார்க்காத மாதங்களில் எப்படிக் காயவைப்பது? கேரளத்தில் தோலைப் புகையில் உலர்த்துகிறார்கள். குடகில் சாறைக் காய்ச்சுகிறார்கள்.

எப்படித் தயாராகிறது?

பழுத்த பழங்களைக் கூடையில் குவித்து வைத்தால் சாறு மெல்லச் சொட்டும். அதைப் பிடித்து, மண்பானையில் மணிக்கணக்காகக் காய்ச்சினால் கெட்டியாகிக் கருக்கும். சர்க்கரை தேவையில்லை. தண்ணீர் வற்றி அமிலம் செறிவதால் கிருமிகள் வளர முடியாது. அதனால்தான் பல வருஷம் கெடாமல் இருக்கிறது. துருக்கியில் திராட்சைச் சாறு 'பெக்மெஸ்' ஆவதும், நம்ம ஊரில் பதநீர் கருப்பட்டி ஆவதும் இதே வழியில்தான்.

காய்ச்ச எவ்வளவு செலவாகும்?

ஒரு உதாரணக் கணக்கு. சாறில் 10% திடப்பொருள் இருக்கிறது, அதை 70% ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோ பாகுக்கு 7 கிலோ சாறு வேண்டும். 6 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். வெப்பம் கொஞ்சமும் வீணாகாவிட்டாலும் இதற்கு 4 யூனிட் மின்சாரத்துக்கு மேல் ஆகும். விறகு அடுப்பில் பெரும்பகுதி வெப்பம் வெளியே போய்விடும். நாம காசு கொடுப்பது இந்தச் செறிவுக்குத்தான்.

வினிகரிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வினிகரின் புளிப்பு அசிட்டிக் அமிலம். மதுவை பாக்டீரியா மாற்றுவதால் உருவாவது. குடம்புளியின் முக்கிய அமிலம் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம், பழத்திலேயே இருப்பது. இதை 1965-ல் அடையாளம் காட்டியவர்கள் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் லூயிஸ், நீலகண்டன்.

எடை குறையுமா?

'கார்சீனியா கம்போஜியா' மாத்திரைகளின் விளம்பரம் இந்த அமிலத்தை வைத்துத்தான். 1998-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 135 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகமாக எடை குறையவில்லை. இதுபோன்ற மாத்திரைகளைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் பதிவாகியிருக்கிறது. கச்சம்புளியை சமையல் பொருளாக மட்டும் பாருங்கள்.

வாங்கும்போது என்ன கவனிக்கணும்?

கருப்பு நிறத்தை கேரமல் நிறமியாலும் கொண்டுவரலாம். கெட்டித்தன்மையை சர்க்கரைப் பாகாலும் கொண்டுவரலாம். அதனால் கண்ணை நம்பாமல் லேபிளைப் படியுங்கள். எடையில் அதிகம் உள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது இந்திய விதி. அங்கே பழச்சாறுக்கு பதில் தண்ணீரோ அசிட்டிக் அமிலமோ முதலில் இருந்தால், அது காய்ச்சி வற்றவைத்த கச்சம்புளி இல்லை. லேபிளே இல்லாத பாட்டில் என்றால், எதில் செய்தது, எப்போது காய்ச்சியது என்று கேளுங்கள்.

வாங்கியதை கண்ணாடி பாட்டிலிலேயே வையுங்கள். அலுமினியப் பாத்திரம் அமிலத்தோடு வினைபுரியும். 1 கிலோ கறிக்கு, இறக்கும் முன் 1 டேபிள்ஸ்பூன் ஊற்றி ருசி பாருங்கள். போதவில்லை என்றால் சேர்க்கலாம்; கூடிவிட்டால் எடுக்க முடியாது.