ஊவா முஸ்லிம்களின் மறந்துபோன வரலாறு



குருத்தலாவ என்றதும் கொழும்பில் உள்ளவர்களுக்கு, 1942ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பட்ட புனித தோமையர் கல்லூரியே நினைவுக்கு வருகிறது. அதே ஊரில் முஸ்லிம்கள் செறிந்து வாழ்வதைப் பலர் அறியார். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. நம் பிள்ளைகளிடமே, "நாம் ஊவாவுக்கு எப்படி வந்தோம்?" என்று கேட்டுப் பாருங்கள். "வியாபாரத்திற்கு வந்தோம்" என்பார்கள். அது பாதி விடையே.

கரையோரம் போர்த்துக்கேயரிடமும் பின்னர் ஒல்லாந்தரிடமும் இருந்த காலத்தில், மலைநாட்டுக்கு உப்பு கடற்கரையிலிருந்தே வரவேண்டியிருந்தது. உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றிக் கணவாய்களைக் கடந்து கொண்டுவந்தோரில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். திரும்பும்போது பாக்கு கொண்டு சென்றனர். இப்பணிக்காகக் கண்டி மன்னர்கள் "மடிகே" என்ற தனிப் பிரிவையே வைத்திருந்தனர். அதில் சேவை செய்தோர் அதற்கு ஈடாகக் காணி பெற்றுக் கிராமங்களில் குடியமர்ந்தனர். ஆகவே அவர்கள் வணிகர்கள் மட்டுமல்லர். இராஜகாரியம் செய்த குடிகளும் ஆவர். பேராசிரியை லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார். நம் வீடுகளில் இருக்கவேண்டிய நூல் அது.

இனி, பலரும் பேசத் தயங்கும் ஓர் அத்தியாயத்திற்கு வருவோம். 1817ஆம் ஆண்டு ஆங்கிலேயர், வெல்லஸ்ஸ மடிகேயின் முஹாந்திரமாக ஹாஜி மரிக்கார் என்பவரை நியமித்தனர். இதனால் அப்பகுதி முஸ்லிம்கள் மீது மில்லவ திசாவைக்கு இருந்த அதிகாரம் பறிபோனது. அதே ஆண்டில் கிளர்ச்சி மூண்டது. ஹாஜி மரிக்கார் கிளர்ச்சியாளரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பதுளையிலிருந்த ஆங்கிலேய அதிகாரி வில்சனும் அம்புக்கு இரையானார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சியாளருடன் இணைந்தார்; 1818 நவம்பரில் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. வயல்கள் எரிந்தன, கால்நடைகள் அழிந்தன, ஊவா பாழானது.

இதைக் காட்டி, "முஸ்லிம்களால்தான் கிளர்ச்சி வந்தது" என்போர் உளர். அது நேர்மையான கூற்றன்று. மன்னனை இழந்த துயரமும், அதிகாரம் குன்றிய பிரதானிகளின் மனக்கசப்பும், அந்நியர் ஆட்சி மீதான வெறுப்பும் ஏற்கனவே கனன்றுகொண்டிருந்தன. அதேவேளை, அந்த நியமனமே நடக்காததுபோல் நாம் மறைப்பதும் தவறு. செய்தியைத் தீர விசாரிக்குமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். நமக்குச் சாதகமான செய்திக்கும் அது பொருந்தும்.

பின்னர் கோப்பியும் தேயிலையும் வந்தன. 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலாளர் வந்த பாதையிலேயே தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகளும் வந்து, தோட்டங்களை அண்டிய சிறு நகரங்களில் கடை வைத்தனர். 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலிருந்து அவர்கள் "இந்தியச் சோனகர்" எனத் தனியாக எண்ணப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது என்பது யாவரும் அறிந்ததே. அதே சட்டம் இவர்களையும் தொட்டது என்பதை ஏனோ நாம் சொல்வதில்லை. பலர் கடையை மூடிவிட்டுத் தமிழகம் திரும்பினர். எஞ்சியோர் இலங்கைச் சோனகருடன் மணவுறவு கொண்டு கலந்தனர்.

2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் பதுளை மாவட்டத்தின் மக்கள்தொகை 8,15,405. அதில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேரளவினர். மொனராகலையில் நூற்றுக்கு இரண்டு பேரளவினரே. இவ்வளவு சிறிய, சிதறிய சமூகத்தின் வரலாற்றைப் பிறர் எழுதித் தருவர் என எதிர்பார்க்க முடியுமா?

பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய விவாகப் பதிவுச் சான்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மஹர் தொகை, வலியின் பெயர், சாட்சிகளின் பெயர்கள் யாவும் அதில் இருக்கும். அவற்றுள் சில காயல்பட்டினத்தையோ கீழக்கரையையோ சுட்டலாம்; சில ஒரு மடிகேக் கிராமத்தைச் சுட்டலாம். அவற்றை வாசித்து, இன்னார் நம் பாட்டனார், இன்னார் அவருடைய மைத்துனர் என்று அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள்.