மதுரையின் இரவும் கும்பகோணத்தின் காலையும்

குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் ஊர்சுற்றக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக யோசிக்கும் ஊர்களில் மதுரையும் கும்பகோணமும் உண்டு. இரண்டும் கோயில் ஊர்கள். இரண்டும் சாப்பாட்டுக்குப் பேர் போனவை. அதனால் இரண்டுக்கும் ஒரே திட்டத்தைப் போட்டுவிடுகிறோம்: காலையில் கோயில், மதியம் ஓட்டல், சாயங்காலம் இன்னொரு கோயில், ஒன்பது மணிக்கு அறை. இந்தத் திட்டம் இரண்டு ஊரிலும் பாதிதான் பலிக்கும். மதுரையில் அடுப்பு சூடுபிடிப்பதே இருட்டிய பிறகுதான். கும்பகோணத்தில் நல்லதெல்லாம் காலை டிபன் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது.

முதலில் ஊரின் அமைப்பு. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காகச் சதுரம் கட்டி நிற்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து கோயில் நடக்கிற தூரம். 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலும் அதே பழைய ஊருக்குள்தான் இருக்கிறது. வெளி வீதிகளுக்குள் ஓர் அறை எடுத்துவிட்டால் வண்டியே தேவையில்லை. தெருவில் நடப்பதே ஊர் பார்ப்பதுதான்: மல்லிகைக் குவியல், பாத்திரக்கடை, வழியில் ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால்.

கும்பகோணம் அப்படியில்லை. ஊருக்குள்ளே சாரங்கபாணி, ஆதிகும்பேஸ்வரர், ராமசாமி கோயில்கள், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மகாமகம் நடக்கும் குளம் எல்லாம் உண்டு. ஆனாலும் சுற்றுலா வருகிறவரை ஊர் வெளியேதான் இழுக்கும். தாராசுரம் சில கிலோமீட்டர். சுவாமிமலையும் திருபுவனமும் ஆளுக்கொரு திசையில். கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35 கிலோமீட்டர். தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். இங்கே நாள் வாடகைக்கு ஒரு வண்டி பேசாமல் காரியம் நடக்காது. காலையில் தாமதமாகக் கிளம்பினால் ஒரு கோயில் பார்ப்பதற்குள் அடுத்தது நடை சாத்திவிடும்.

இனி சாப்பாடு. மதுரையின் பெருமை அசைவ மெஸ்களில் இருக்கிறது. மட்டன் சுக்கா, கோலா உருண்டை, எலும்புக் குழம்பு எல்லாம் மதியமே கிடைக்கும். ஆனால் ஊரின் உண்மையான மேடை ராத்திரித் தோசைக்கல். சிம்மக்கல் பக்கம் கறிதோசை ஊற்றுவதைக் கல்லின் அருகே நின்று பார்க்க வேண்டும். கனமாக மாவு ஊற்றி, அது வேகும் முன் மேலே முட்டையைப் பரப்பி, அதன்மேல் ஏற்கெனவே வதக்கி வைத்த கொத்துக்கறியை அள்ளிப் போட்டு அழுத்துவார்கள். பிறகு திருப்பிப் போட்டால் கறி நேரே கல்லில் பட்டு ஓரம் முறுகும். ஒன்று வாங்கினால் இரண்டு பிள்ளைகளுக்குத் தாராளம். சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பூப்போன்ற இட்லிக்கு நான்கைந்து வகைச் சட்னி வைப்பது மதுரைக்காரர்களுக்குச் சாதாரணம். கடைசியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: கடற்பாசியோ பாதாம் பிசினோ, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஒரு கரண்டி பாசந்தி ஐஸ்கிரீம்.

கும்பகோணத்தின் சாப்பாடு குரல் உயர்த்தாது. சைவ ஓட்டல், வாழையிலை, கண்முன்னே ஆற்றித் தரும் காபி. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்துவிட்டுச் செய்யும் கடப்பா இந்தத் தஞ்சை வட்டாரத்தின் தனிச்சொத்து. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. இட்லியை மூழ்கடித்துச் சாப்பிட ஏற்றது. எல்லா நாளும் எல்லாக் கடையிலும் வைக்க மாட்டார்கள். முதல் நாள் ராத்திரியே “நாளைக்குக் கடப்பா உண்டா?” என்று கேட்டுவைப்பது நல்லது. டிகிரி காபி விஷயத்தில் தண்ணீர் கலக்காத பசும்பால், முதல் டிகாக்‌ஷன், பித்தளை டவரா டம்ளர் ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்காத கடையைத் தேட வேண்டும். பால் புதிதாகக் காயும் காலை வேளையில்தான் அதன் முழு ருசி.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். ஜிகர்தண்டாவும் டிகிரி காபியும் ஊரைவிட்டுக் கிளம்பி வெகுகாலம் ஆயிற்று. நெடுஞ்சாலையோரமெல்லாம் கும்பகோணம் காபிப் பலகை தொங்குகிறது. ஜிகர்தண்டா சென்னையில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஊர் தேடிப் போய்ச் சாப்பிட வேண்டியவை அவ்வளவு தூரம் பயணம் போகாத பண்டங்கள். அந்தக் கணக்கில் மதுரையில் கறிதோசைக்கும் கும்பகோணத்தில் கடப்பாவுக்கும்தான் முதலிடம் தருவேன்.

குடும்பப் பயணம் சிக்கலாவது பெரும்பாலும் நடுப்பகலில். நண்பகல் வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நான்கு மணி ஆகும். கல்தரை கொதிக்கும், பிள்ளைகள் சிணுங்கும். மதுரையில் இந்த இடைவெளியை நிரப்பக் கூரைக்குக் கீழே நிறைய உண்டு. ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம் ஒன்று. காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பரில் இதே மதுரையில் என்பதால், அங்கே சொல்லும் கதை ஊரோடு ஒட்டியது. 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. அதே ஆண்டு திறந்த கீழடி அருங்காட்சியகமும் எட்டும் தூரம்தான். எதுவும் வேண்டாமென்றால் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். ராத்திரிக்கு அந்தத் தூக்கம் உதவும்: பள்ளியறை பூஜைக்காகச் சொக்கநாதரைப் பல்லக்கில் மீனாட்சி சன்னதிக்கு எழுந்தருளச் செய்வது ஒன்பது மணிக்கு மேல்.

கும்பகோணத்தின் நடுப்பகலுக்குச் சுவாமிமலையின் ஸ்தபதிகள் கைகொடுப்பார்கள். மெழுகில் சிலை பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதைப் பட்டறையில் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரே சிலை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது எந்தக் கோபுரத்தையும்விடப் பிடிக்கும். திருபுவனத்தில் பட்டுத்தறிகள் உண்டு. பெரியவர்களுக்கு அங்கே நேரம் போவதே தெரியாது, பணப்பைக்குத்தான் தெரியும்.

பிள்ளைகளைக் கோயிலுக்குள் ஈர்ப்பதிலும் இரண்டு ஊருக்கும் இரண்டு வழி. மீனாட்சி கோயில் அளவால் அசத்தும்: ஆயிரங்கால் மண்டபம் என்றாலும் தூண்கள் 985, பிள்ளையார் சதுர்த்தியன்று முக்குறுணிப் பிள்ளையாருக்குப் படைக்கும் ஒற்றைக் கொழுக்கட்டைக்கு மூன்று குறுணி, அதாவது 18 படி அரிசி. தாராசுரம் நுணுக்கத்தால் பிடித்துவைக்கும். இரண்டாம் ராஜராஜன் காலத்து இந்த ஐராவதேஸ்வரர் கோயில் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரே தலையில் காளையும் யானையும் சேர்ந்த சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை. கருவறையின் வெளிச்சுவர் அடியில் நாயன்மார் கதைகள் கையளவுச் சிற்பங்களாக ஓடுகின்றன. பாட்டி கதை தெரிந்தவராக இருந்தால் வழிகாட்டியே வேண்டாம்.

ஆக, யாருக்கு எது? கறி விரும்பிகளும், பதின்ம வயதுப் பிள்ளைகளும், கூட்டத்துக்கு அஞ்சாதவர்களும் மதுரையில் மகிழ்வார்கள். முழங்கால் வலிக்கும் தாத்தாவுக்கு மதுரையின் நீண்ட பிரகாரங்கள் சோதனை. கோயில் வாசல்வரை வண்டி போகும் தாராசுரமும் திருபுவனமும் அவருக்கு இதம். செலவிலும் இந்த வேறுபாடு உண்டு: மதுரையில் காசு சாப்பாட்டுக்குப் போகும், கும்பகோணத்தில் வண்டி வாடகைக்குப் போகும்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் மதுரையில் தொடங்குவது நல்லது. அங்கே இரண்டு ராத்திரி தங்கி, மூன்றாம் நாள் சாவகாசமாக எழுந்து, திருச்சி வழியாகப் புறப்பட்டால் மாலையில் நடை திறந்திருக்கும்போதே தஞ்சைப் பெரிய கோயிலில் நுழையலாம். இருட்டிய பிறகு கும்பகோணம் சேர்ந்து சீக்கிரம் படுத்தால், மறுநாள் காலை காபிக்கு ஆள் தயார். வரிசையை மாற்றினால் மதுரைக்குள் நுழையும் மாலையில் எல்லோரும் வெயிலில் அலைந்த களைப்போடு இருப்பார்கள். கறிதோசைக் கல் சூடாகும் நேரத்தில் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.