கலிபோலி: பாதிப் படை பலியாகும் என்றார்கள்

முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்ட் மாதத் தாக்குதலும் தோற்றபின், துருக்கியின் கலிபோலி தீபகற்பத்தில் சிக்கிக்கொண்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரை என்ன செய்வது என்ற கேள்வி பிரிட்டிஷ் அமைச்சரவையை இரண்டாகப் பிளந்தது. புதுப் படைகளை அனுப்பி மீண்டும் தாக்குவதா, பிடித்த இடத்திலேயே குளிர்காலத்தைக் கழிப்பதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறுவதா? முடிவெடுக்க மூன்றரை மாதம் ஆனது. முடிவெடுத்தபின் படை வெளியேற ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

படை வந்து சிக்கிய விதம்

ஒட்டோமான் பேரரசு ஜெர்மனியோடு சேர்ந்ததும் டார்டனெல்ஸ் நீரிணை மூடப்பட்டு, ரஷ்யாவுக்கான கருங்கடல் பாதை அடைபட்டது. காக்கசஸ் முனையில் துருக்கியரின் நெருக்கடியைக் குறைக்க ஏதாவது செய்யுமாறு 1915 ஜனவரி தொடக்கத்தில் ரஷ்யா லண்டனைக் கேட்டது. அப்போது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், போர்க்கப்பல்களை மட்டும் கொண்டே நீரிணையை உடைத்து ஒட்டோமான் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளை அடையலாம் என்ற திட்டத்தை முன்வைத்தார். மார்ச் 18 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் நீரிணைக்குள் நுழைந்தன. 'நுஸ்ரத்' என்ற சின்னஞ்சிறு துருக்கியக் கப்பல் பத்து நாள் முன்னதாக இரவில் போட்டுவிட்டுப் போயிருந்த கண்ணிவெடி வரிசை ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின, மூன்று பலத்த சேதமடைந்தன.

அடுத்து தரைப்படை வந்தது. ஜெனரல் இயன் ஹாமில்டன் தலைமையில் ஏப்ரல் 25 அன்று தென்முனையான ஹெல்லஸிலும், வடக்கே ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களின் படைப் பெயரால் 'அன்சாக்' எனப்பட்ட கரையிலும் வீரர்கள் இறங்கினர். அன்சாக்கில் அவர்கள் பிடித்த நிலம் கடலிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழம்தான். மேட்டில் துருக்கியர், சரிவில் இவர்கள். சில இடங்களில் இரு தரப்புப் பதுங்கு குழிகளுக்கும் இடையே சில மீட்டர் தூரமே இருந்தது. ஆகஸ்டில் சுவ்லா விரிகுடாவில் புதுப் படை இறங்கியும் மலை முகடுகளை நிரந்தரமாகப் பிடிக்க முடியவில்லை. சாரி பையர் முகட்டை ஒரு காலைப் பொழுதில் எட்டிய கூர்க்கா பட்டாளமும் பின்வாங்க நேர்ந்தது. கோடையில் ஈக்கள் மொய்த்தன. குண்டடியோடு போட்டிபோட்டுக்கொண்டு வயிற்றுக்கடுப்பு வீரர்களைச் சாய்த்தது.

அமைச்சரவையில் இரு அணிகள்

இந்தத் தோல்விகள் அதற்குள் லண்டன் அரசியலையும் புரட்டிப்போட்டிருந்தன. கடற்படைத் தலைமைத் தளபதி ஃபிஷர் மே 15 அன்று பதவி விலகினார். பிரான்ஸ் முனையில் பீரங்கிக் குண்டுத் தட்டுப்பாடும் அதே வாரத்தில் அம்பலமாகவே, லிபரல் பிரதமர் ஆஸ்க்வித் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ்களைச் சேர்த்துக் கூட்டணி அரசு அமைத்தார். சர்ச்சிலைக் கடற்படைத் துறையிலிருந்து அகற்ற வேண்டும் என்பது கன்சர்வேடிவ்களின் நிபந்தனை. அவர் பெயரளவிலான அமைச்சராக இறக்கப்பட்டார். ஆனாலும் போரை நடத்திய 'டார்டனெல்ஸ் குழு'வில் இடம்பெற்றார்.

குழுவுக்குள் இரண்டு அணிகள் உருவாயின. கன்சர்வேடிவ் தலைவர் போனார் லாவும் லிபரல் அமைச்சர் லாயிட் ஜார்ஜும் வெளியேறும் பக்கம் சாய்ந்தனர். செப்டம்பர் இறுதியில் பல்கேரியா ஜெர்மனியோடு சேரத் தயாரானதும் செர்பியாவைக் காப்பாற்றக் கிரேக்கத்தின் சலோனிகாவுக்குப் படை தேவைப்பட்டது. கலிபோலியிலிருந்தே ஒரு டிவிஷன் அங்கே போயிற்று. பெர்லினிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு நேரடி ரயில் பாதை திறந்தால் ஜெர்மானியக் கனரகப் பீரங்கிகள் வந்து சேரும், சின்னஞ்சிறு கடற்கரையில் நெருக்கியடித்துக் கிடக்கும் படையை அவை சின்னாபின்னமாக்கும் என்பது இவர்களின் வாதம். பிரான்ஸில் இருந்த தளபதிகளோ ஒவ்வொரு வீரரையும் ஒவ்வொரு குண்டையும் மேற்கு முனைக்கே கேட்டனர்.

எதிர் அணியில் சர்ச்சில், கர்சன், போர் அமைச்சர் கிச்சனர். இவர்களின் முக்கிய வாதம் மானப் பிரச்சினை. ஒரு முஸ்லிம் பேரரசிடம் தோற்று ஓடியதாகத் தெரிந்தால் எகிப்திலும் இந்தியாவிலும் ஆட்சி ஆட்டம் காணும் என்றனர். கர்சன் முன்னாள் இந்திய வைஸ்ராய்; கிச்சனர் முன்னாள் இந்தியத் தலைமைத் தளபதி. ராணுவ நிர்வாகம் யார் கையில் என்பதில் இருவரும் மோதிக்கொண்டதால்தான் 1905இல் கர்சன் வைஸ்ராய் பதவியைத் துறந்தார். பத்தாண்டு கழித்து, கலிபோலியை விடக்கூடாது என்பதில் அந்த இருவரும் ஒரே குரலில் பேசினர். புலி வாலைப் பிடித்த கதையாக, தொடரவும் வழியில்லை, விடவும் துணிவில்லை என்ற நிலையில் குழு வாரக்கணக்கில் கூடிக் கலைந்தது.

ஒரு கடிதம், ஒரு தந்தி

முட்டுக்கட்டையை அசைத்தது ஒரு பத்திரிகையாளரின் கடிதம். களத்துச் செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. பிரிட்டிஷ் நிருபர் ஆஷ்மீட் பார்ட்லெட், உண்மை நிலையை ஆஸ்க்வித்துக்கு எழுதி, ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் கீத் மர்டாக்கிடம் ரகசியமாகக் கொடுத்தனுப்பினார். அது பிரான்ஸின் மார்செய்யில் பறிமுதலானது. லண்டன் சேர்ந்த மர்டாக், தாமே சுமார் 8,000 சொற்களில் ஒரு கடிதத்தை ஆஸ்திரேலியப் பிரதமருக்கு எழுதினார். தலைமையின் திறமையின்மையைச் சாடிய அந்தக் கடிதத்தில் மிகைகளும் பிழைகளும் இருந்தன. ஆனாலும் லாயிட் ஜார்ஜ் மூலம் ஆஸ்க்வித்தின் கைக்குப் போனதும், ஹாமில்டனிடம் விளக்கம்கூடக் கேட்காமல் அது அரசு ஆவணமாக அச்சாகி அமைச்சர்களுக்கு வழங்கப்பட்டது.

அக்டோபர் 11 அன்று கிச்சனர் ஹாமில்டனுக்குத் தந்தி அடித்தார்: வெளியேறினால் எவ்வளவு பேரை இழப்போம்? மொத்தப் படையில் பாதியை இழக்க நேரிடும் என்று கொள்வதே விவேகம் என்பது ஹாமில்டனின் பதில். வெளியேற்றத்தைத் தடுக்கவே சொல்லப்பட்ட அந்தப் பதில், சொன்னவரின் பதவியைத்தான் பறித்தது. அக்டோபர் 14 அன்று அவரைத் திரும்ப அழைக்கக் குழு முடிவு செய்தது. ஆனால் 'பாதிப் படை' என்ற கணிப்பு மட்டும் லண்டனைவிட்டுப் போகவில்லை.

மன்ரோவின் ஒரு நாள்

புதிய தளபதி சர் சார்லஸ் மன்ரோ பிரான்ஸிலிருந்து வந்தார். மேற்கு முனையே முக்கியம் என்பது அவருடைய உறுதியான கருத்து. அக்டோபர் 30 அன்று ஹெல்லஸ், அன்சாக், சுவ்லா மூன்றையும் ஒரே நாளில் சுற்றிவந்தார். வீரர்களால் மீண்டும் தாக்க முடியுமா, ஜெர்மானியப் பீரங்கிகள் வந்தால் குளிர்காலத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா என்று ஒவ்வோரிடத்திலும் கேட்டார். கிடைத்த பதில்களில் நம்பிக்கை இல்லை. மறுநாளே, வெளியேறுவதே வழி என்று லண்டனுக்குத் தெரிவித்தார். அவருடைய சேதக் கணிப்பு 30 முதல் 40 சதவீதம். வந்து, பார்த்து, வென்றதாகச் சொன்ன ஜூலியஸ் சீசரின் வாக்கைத் திருப்பிப்போட்டு, சர்ச்சில் பின்னாளில் மன்ரோவைக் கேலி செய்தார்.

களத்திலும் ஒருமித்த கருத்து இல்லை. அன்சாக் தளபதி பேர்ட்வுட், முஸ்லிம் நாடுகளில் ஏற்படக்கூடிய விளைவை எண்ணி வெளியேற்றத்தை எதிர்த்தார். கடற்படை அதிகாரி ரோஜர் கீஸ், நீரிணையைக் கப்பல்களால் மீண்டும் உடைக்கும் திட்டத்தோடு லண்டனுக்கே போய் வாதாடினார். அதில் நம்பிக்கை வைத்த கிச்சனர், வெளியேறும் உத்தரவில் கையெழுத்திட மறுத்தார்.

போர் அமைச்சரே களத்துக்கு

அமைச்சரவைக்கு அப்போது கிச்சனரே ஒரு தலைவலி. எதையும் கலந்து பேசாதவர்; ஆனால் பொதுமக்களிடம் அவருக்கிருந்த செல்வாக்கால் பதவியிலிருந்து நீக்கவும் முடியாது. நேரில் பார்த்து வரச்சொல்லி நவம்பர் 4 அன்று அவரைக் கலிபோலிக்கு அனுப்பியதில் இந்தக் கணக்கும் இருந்தது. தம் இடத்தில் வேறொருவர் அமர்த்தப்படலாம் என்று சந்தேகித்த கிச்சனர், பதவி முத்திரைகளைக் கையோடு எடுத்துக்கொண்டே கிளம்பினார்.

அவர் இல்லாத நாட்களில் ஆஸ்க்வித், டார்டனெல்ஸ் குழுவைக் கலைத்துச் சிறிய போர்க்குழு ஒன்றை அமைத்தார். அதில் இடம் கிடைக்காத சர்ச்சில் அமைச்சர் பதவியைத் துறந்து, நவம்பர் 15 அன்று காமன்ஸ் சபையில் தம் தரப்பை விளக்கிவிட்டு, பிரான்ஸில் போர்முனைக்குப் போனார். தொடர வேண்டும் என்ற அணியின் உரத்த குரல் அதோடு அடங்கியது.

கிச்சனர் அன்சாக்கின் மேட்டில் ஏறி நிலப்பரப்பைக் கண்ணால் பார்த்தபோது, வரைபடத்தில் எளிதாகத் தெரிந்தது எவ்வளவு கடினம் என்று புரிந்துகொண்டார். நவம்பர் 22 அன்று, சுவ்லாவையும் அன்சாக்கையும் விட்டுவிட்டு ஹெல்லஸை மட்டும் வைத்துக்கொள்ளப் பரிந்துரைத்தார். மறுநாள் போர்க்குழு ஒரு படி மேலே போய் மூன்றையும் விட ஒப்புக்கொண்டது. முழு அமைச்சரவைக்கு வந்தபோது கர்சன் மறித்தார். இருட்டில் படகுகளுக்கு முட்டிமோதும் கூட்டத்தையும், அதன் மேல் விழும் குண்டுகளையும், கடலில் மூழ்கும் வீரர்களையும் அவருடைய குறிப்பு வரைந்து காட்டியது. குழுவின் செயலாளர் ஹாங்கியும் வெளியேற்றத்துக்கு எதிராக எழுதினார். முடிவு மேலும் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அந்த இரண்டு வாரத்துக்குள் நவம்பர் 26 அன்று பெருமழை கொட்டியது. பதுங்கு குழிகளில் வெள்ளம் புகுந்தது. அடுத்து பனிப்புயல் வீசியது. சுவ்லாவில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர் மூழ்கியோ விறைத்தோ இறந்தனர். 5,000க்கும் மேற்பட்டோர் உறைபனியால் கைகால் பாதிக்கப்பட்டனர். குளிர்காலத்தை அங்கேயே கழிக்கலாம் என்ற வாதம் அத்தோடு பலமிழந்தது. டிசம்பர் 7 அன்று அமைச்சரவை சுவ்லா, அன்சாக் இரண்டையும் விட முடிவு செய்தது. ஹெல்லஸ் மட்டும் தப்பியது.

இவ்வளவும் மூடிய அறைக்குள் மட்டும் நடந்ததல்ல. பிரபுக்கள் சபையில் மில்னர் பிரபு அக்டோபரிலேயே வெளியேற்றத்தை ஆதரித்துப் பேசினார். மன்ரோவின் பரிந்துரை ஊரறிந்த விஷயம் என்று ரிபிள்ஸ்டேல் பிரபு நவம்பரில் அதே சபையில் போட்டுடைத்தார். ராணுவ ரகசியத்தை இப்படியா பேசுவார்கள், இது ஏமாற்று வேலைதான் என்று எதிரித் தரப்பு எடுத்துக்கொண்டது.

சொட்டும் தண்ணீர், சுடும் துப்பாக்கி

வெளியேற்றத்தை எதிர்த்த பேர்ட்வுட்டிடமே அதை நடத்தும் பொறுப்பு வந்தது. அன்சாக் திட்டத்தை வகுத்தவர் ஆஸ்திரேலிய அதிகாரி பிரூடெனல் ஒயிட். சண்டையிட்டுக்கொண்டே பின்வாங்கினால்தான் பாதிப் படை சாகும். எதிரிக்குத் தெரியாமலே போய்விட்டால்? நவம்பர் இறுதியில் மூன்று நாள் ஒரு குண்டும் சுடாமல் இருந்து, அமைதிக்குத் துருக்கியரைப் பழக்கினார்கள். பகலில் எல்லாம் வழக்கம்போல் நடந்தது: சமையல் புகை எழுந்தது, வண்டிகள் ஓடின, குண்டு விழும் வெளியில் கிரிக்கெட்கூட ஆடினார்கள். இரவில் ஆயிரக்கணக்கானோர் படகேறினார்கள். காலணிகளில் சாக்குத் துணி சுற்றப்பட்டது.

கடைசி ஆள் போனபின்னும் துப்பாக்கிச் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு ஸ்கரி என்ற இளம் ஆஸ்திரேலிய வீரர் ஒரு வழி கண்டார். மேலே தண்ணீர் நிரம்பிய தகர டப்பா; அதன் அடியில் சிறு துளை. கீழே காலி டப்பா, துப்பாக்கி விசையோடு கயிற்றால் கட்டப்பட்டது. மேலிருந்து சொட்டும் நீரால் கீழ் டப்பா கனத்ததும் விசை இழுபட்டுத் துப்பாக்கி வெடிக்கும். துளையின் அளவுக்கு ஏற்ப நேரம் மாறும் என்பதால், ஆளில்லாத குழிகளிலிருந்து விட்டுவிட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 20 விடியற்காலையில் கடைசிப் படகுகள் கிளம்பின. இரண்டு இடங்களிலிருந்தும் 80,000க்கும் மேற்பட்டோர் வெளியேறியிருந்தனர். சேதம் விரல்விட்டு எண்ணக்கூடிய காயங்களே. ஹெல்லஸை மட்டும் வைத்துக்கொள்வதில் இனிப் பொருளில்லை என்று டிசம்பர் இறுதியில் அமைச்சரவையும் ஒப்புக்கொண்டது. இம்முறை துருக்கியர் விழிப்பாக இருந்தும், ஜனவரி 7 அன்று தாக்கியும், 1916 ஜனவரி 9 அதிகாலைக்குள் அங்கிருந்த சுமார் 35,000 பேரும் கப்பலேறிவிட்டனர். ஏற்றிச்செல்ல முடியாத நூற்றுக்கணக்கான கோவேறு கழுதைகள் கொல்லப்பட்டன.

கணிப்பும் கணக்கும்

ஹாமில்டன், மன்ரோ, கர்சன் மூவரும் மனதில் வைத்தது பகிரங்கமான பின்வாங்கலை. களத்தின் நெளிவுசுளிவு தெரிந்த அதிகாரிகளிடம் எப்படி வெளியேறுவது என்று அக்டோபரில் யாரும் திட்டம் கேட்கவில்லை. சேதம் எவ்வளவு என்று மட்டுமே தளபதிகளைக் கேட்டார்கள். திட்டமில்லாமல் வந்த எண் திட்டத்துக்கே தடையாக நின்றது. அஞ்சியபடி இந்தியாவிலோ எகிப்திலோ கிளர்ச்சி எதுவும் மூளவுமில்லை.

எட்டரை மாதப் போரில் நேச நாட்டுத் தரப்பில் சுமார் 44,000 பேரும் துருக்கியத் தரப்பில் 80,000க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். நேச நாட்டுத் தரப்பில் இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம். நாடாளுமன்றச் சட்டத்தின்படி 1916இல் அமைந்த விசாரணைக் குழுவின் முன் கிச்சனரின் வாக்குமூலம் கிடைக்கவில்லை. அந்த ஜூன் மாதமே அவர் சென்ற கப்பல் மூழ்கி அவர் இறந்திருந்தார். மன்ரோ 1916இலும் பேர்ட்வுட் 1925இலும் இந்தியத் தலைமைத் தளபதிகளாயினர். 1919இல் வெளியான இறுதி அறிக்கை, படையெடுப்பின் திட்டமிடலையும் தாமதங்களையும் கண்டித்தது. வெளியேறும் முடிவு சரியானதே என்றது.

(தொடரும்)