பார் வந்த வழி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 'பார்' என்ற சொல் ஓயாமல் அடிபடுகிறது. தையல் மிஷினில் ஊசியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடுகிற எஃகுத் தண்டுக்கு நீடில் பார் என்று பெயர். டிராக் பேன்ட் பாக்கெட்டின் வாய் கிழியாமலிருக்க ஓரத்தில் குறுக்கே நெருக்கி ஓட்டுகிற தையல் பார்டேக். அதற்குத் தனி மிஷின் உண்டு, ஓட்டத் தனி ஆளும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் பாதிப் பேர் போகிற இடமும் பார்தான்.

இந்த மூன்றும் ஒரே சொல். ஒன்றுபோல ஒலிப்பதை வைத்துச் சொல்லவில்லை, மூன்றுக்கும் வேரே ஒன்றுதான். சாயப்பட்டறை பாய்லரில் நீராவி அழுத்தத்தைக் குறிக்கிற 'பார்' வேறு குடும்பம். எடை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பல்லடம் பக்கத்துக் காட்டில் 'பார் பிடிச்சு நடுங்க' என்று விவசாயி சொல்கிற பார், இரண்டு சாலுக்கு நடுவே மேடாக நிற்கும் மண். அது நம் சொல். ஆளை வைத்துத்தான் எந்தப் பார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மதுக்கடைப் பாருக்கு மூலம் பழைய பிரெஞ்சின் 'பார்'. குறுக்கே போட்ட சட்டம், தடுப்பு என்று பொருள். நீதிமன்றத்தில் நீதிபதியின் இடத்தையும் மற்றவர்கள் நிற்கும் இடத்தையும் பிரித்த மரச் சட்டமும் இதுவே. பாரிஸ்டரும் பார் கவுன்சிலும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவை. இங்கிலாந்துச் சாராய விடுதியில் பீப்பாயையும் கல்லாவையும் காக்க விற்பவனுக்கு முன்னால் ஒரு குறுக்குப் பலகை போட்டார்கள். குடிக்க வந்தவன் இந்தப் பக்கம் நின்றான், ஊற்றிக் கொடுப்பவன் அந்தப் பக்கம் நின்றான். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அந்தப் பலகைக்குப் பார் என்ற பெயர் எழுத்தில் வந்துவிட்டது. நாளாவட்டத்தில் பலகையின் பெயரே கடை முழுக்கப் பரவியது. பார்டேக் தையலும் அதே குறுக்குச் சட்டம்தான். மரத்துக்குப் பதில் நூல்.

தமிழில் குடிக்கும் இடத்துக்குப் பெயர் வைக்கிற வழக்கம் வேறு. விற்கிற சரக்கைச் சொல்லி 'கடை' என்று முடித்துவிடுவோம்: கள்ளுக்கடை, சாராயக்கடை, பிராந்திக்கடை. மது விற்கும் இடத்தில் கொடி கட்டியிருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அங்கேயும் அடையாளம் விற்பனைக்குத்தான். 2003-க்கு முன்பு தனியார் ஏலத்தில் எடுத்து நடத்திய காலத்தில் ஊரெல்லாம் 'ஒயின்ஸ்' போர்டு தொங்கியது. ஒயின் கேட்டவர் அநேகமாக யாருமில்லை. இருந்தாலும் சரக்கின் பெயரைச் சொல்கிற பழைய வழக்கத்தை அந்த போர்டும் விடவில்லை. உட்கார்ந்து குடிக்கிற இடத்துக்கென்று தனியாக ஒரு பெயர் பார் வந்த பிறகுதான் நிலைத்தது.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் மதுச் சட்டம் வளைந்து வளைந்து வந்தது. ராஜாஜி ஆட்சியில் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கி, 1948-க்குள் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் மறுபடி மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த வியாபாரத்துக்காகப் பிறந்தது. 2003 நவம்பர் கடைசியில் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. இவ்வளவு நடந்தும் ஆதாரச் சட்டத்தின் பெயரில் 'மதுவிலக்கு' மாறவில்லை. இன்றைக்கும் குவாட்டர் விற்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான்.

சொல் தலைகீழாக நிற்கிற இடம் டாஸ்மாக் டெண்டர் நோட்டீஸ். கடையை ஒட்டிய பாரை ஏலம் எடுப்பவருக்குக் கிடைக்கிற உரிமை இரண்டே இரண்டு: தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டில்களைச் சேகரிக்கலாம். மது விற்கிற உரிமை அதில் கிடையாது. அதைக் கடையில் வாங்கிக்கொண்டுதான் பாருக்குள் வர வேண்டும். ஊற்றிக் கொடுக்கிற பலகைக்கு வைத்த பெயர், ஊற்றிக் கொடுக்கவே கூடாத இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உண்மையான பார் பக்கத்துக் கடையில் இருக்கிறது: கம்பி வலை, அதில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதைப் பார் என்று சொன்னால் திருப்பூரில் சிரிப்பார்கள். அதற்குப் பெயர் 'கடை', சில வாயில் 'கவுன்டர்'.

பார் எப்படி இருக்கும்? தகரக் கூரை, ஈரம் காயாத சிமென்ட் தரை, கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி. வாசலை ஒட்டி அடுப்பு. மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை, சுண்டல், மாங்காய்க் கீற்று. கொஞ்சம் பெரிய பாராக இருந்தால் காவிரிக்கரை பள்ளிபாளையத்தின் பெயரைத் தாங்கிய, தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் போட்ட சிக்கனும் உண்டு. மூலையில் காலி பாட்டில் சாக்கு. ஏலம் எடுத்தவர் உரிமத்தில் உள்ளபடி காசு பார்க்க இந்த அடுப்பும் அந்தச் சாக்கும்தான். பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் முன்பே சில பார்களில் 'சரக்கு' கிடைக்கிறது என்ற புகார் ஊருக்கு ஊர் உண்டு. சொல்லின் பழைய பொருள் அந்த நேரத்தில் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது போலும்.

பாருக்குள் புழங்குகிற இன்னொரு சொல்லையும் திருப்பூரை வைத்துத்தான் பேச வேண்டும். துணியை அடுக்கடுக்காக மேசையில் விரித்து மிஷினால் வெட்டுகிற இடம் கட்டிங் செக்‌ஷன். அதை நடத்துகிறவர் கட்டிங் மாஸ்டர், கம்பெனியில் மரியாதையான ஆள். இரவு எட்டு மணிக்குக் கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "ஏனுங்ண்ணா, கட்டிங் சேரலாமுங்களா?" என்று கேட்டால், 180 மில்லி குவாட்டருக்கு ஆளுக்குப் பாதிக் காசு போட்டு 90 மில்லியாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று அர்த்தம். சொல் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு பொருளிலும் அதைச் சொல்வது இந்த ஊர்ப் பக்கம்தான் அதிகம். இரண்டிலும் அளவு பிசகினால் சண்டை வரும்.

பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்களின் இந்தியில் மதுக்கடைக்கு 'டேக்கா' என்று பெயர், அதாவது குத்தகை. அரசிடம் எடுத்த விதமே அங்கே கடையின் பெயராகிவிட்டது. கடையை ஒட்டிக் குடிக்கிற இடத்துக்கு வடக்கே 'அஹாத்தா' என்பார்கள். சுற்றிச் சுவர் வைத்து அடைத்த இடம் என்று பொருள். அரபி வழி வந்த அந்தச் சொல்லும் பிரெஞ்சு வழி வந்த பாரும் ஒன்றையொன்று அறியாமலே தடுப்பில் வந்து சந்திக்கின்றன.

குடியோடு ஒட்டி வந்து அதை மறந்துவிட்ட சொல்லும் உண்டு. கோயம்புத்தூர் நட்சத்திர ஓட்டல்களின் சண்டே பிரஞ்ச்சுக்கும் சனிக்கிழமை ராத்திரிக்கும் உள்ள உறவு இப்போது யாருக்கும் நினைவில்லை. 1895-இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பிரேக்ஃபாஸ்டையும் லஞ்சையும் ஒட்டிய இந்தச் சொல்லுக்காக வாதாடினார். சனிக்கிழமை இரவு குடித்தவர் ஞாயிறு விடிகாலையில் எழ வேண்டாம் என்பது அவர் சொன்ன நியாயங்களில் ஒன்று. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இட்லியும் குடல் குழம்புமாக அதே காரியம் பெயரில்லாமலே நடக்கிறது.

மறுபடி சட்டத்துக்கு வருவோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2017 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அகற்றிய கடைகள் ஊருக்குள் வரப் பார்த்தன. அதே மாதம் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், விசைத்தறி ஓடுகிற அந்த ஊரில், பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. உயரதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சி நாடெங்கும் போனது. சாமளாபுரத்துப் பெண்கள் மறித்தது கடையை. பாரைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, பார் நடத்த அனுமதி தர டாஸ்மாக்குக்கு அதிகாரமே இல்லை, ஆறு மாதத்தில் மூடுங்கள் என்றார். மேல்முறையீடு வந்தது, பார்கள் இருக்கின்றன.

அரசுத் தமிழில் பாருக்கு 'மதுக்கூடம்' என்று நல்ல சொல் இருக்கிறது. போர்டிலும் செய்தித்தாளிலும் பார்க்கலாம், வாயில் வராது. உறுப்பினருக்கு மட்டும் ஊற்றிக் கொடுக்கும் கிளப் உரிமத்துக்கு அதைவிட அழகான பெயர்: மனமகிழ் மன்றம். தகரக் கூரைக்குக் கீழே, ஊற்றக் கூடாத இடத்துக்குப் பார் என்ற பெயர் கிடைத்தது. ஏசி அறையில், நிஜமான குறுக்குப் பலகைக்குப் பின்னால் நின்று சட்டப்படி ஊற்றுகிற இடத்துக்குச் சங்கத் தமிழ் வாடையோடு மன்றம் என்ற பெயர் கிடைத்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர் மன்றத்தில் உறுப்பினராக இல்லை.