பிக்சல், லேயர், ஜேபெக் - வந்த கதை

இந்தக் கட்டுரை எழுதக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பாட்டிக்காக ஒரு விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக் கொடுத்தேன். தாத்தாவின் புகைப்படம் 20 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டது. தாத்தா தனியாக இருக்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதை ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். 120க்கு 160 என்று சுருக்கினேன். பழக்க தோஷத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினேன். அதே பெயரில், அதே ஃபைலின் மேலேயே சேமித்துவிட்டது. பாட்டியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது, நானும் மறந்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறி, அசல் படம் ஃபிரேமின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது முகம் கண்ணாடியோடு போய்விட்டது. ஆக, இன்று எங்கள் வீட்டில் தாத்தா என்றால் 19,200 புள்ளிகள்.

"பெரிசு பண்ண முடியாதாப்பா?" என்று பாட்டி கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வகுப்பில் பேனர் டிசைன் செய்யும் கும்பலும் என்னிடம் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிக்சல் என்றால் என்ன, ஏன் 72, ஏன் 300, ஜேபெக் ஏன் கெட்டுப்போகிறது... அகராதி மாதிரி விளக்கம் சொன்னால் எனக்கே தூக்கம் வரும். ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அர்த்தம் தானாகப் புரிகிறது.

1957. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் வேலை செய்தார். அங்கே சீக் என்றொரு கணினி இருந்தது. எண்களை மட்டும் தின்றுகொண்டிருந்த அந்த இயந்திரத்துக்குப் படம் பார்க்கும் கண் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சுழலும் உருளையில் புகைப்படத்தைச் சுற்றி, ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். முதலில் அதில் வைத்தது யாருடைய படம் தெரியுமா? பிறந்து மூன்று மாதமே ஆன தன் மகனின் படம்! 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர். குறுக்கே 176 புள்ளி, நெடுக்கே 176 புள்ளி, மொத்தம் 30,976.

அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உலகின் முதல் டிஜிட்டல் புகைப்படத்தில் இருந்த புள்ளிகள்கூட என் தாத்தாவுக்கு மிச்சமில்லை. வால்வு வைத்து ஓடிய கணினியைவிடக் கஞ்சத்தனமாக நான் இருந்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். கிர்ஷின் கருவி ஒரு புள்ளியைக் கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டுமே சொல்லும், இடைப்பட்ட சாம்பல் கிடையாது. அதனால் வெளிச்சத்தின் எல்லைக்கோட்டை மாற்றி மாற்றிப் பல தடவை ஸ்கேன் செய்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சாம்பல் நிறங்களைக் கொண்டுவந்தார்கள். இன்று நம் மென்பொருளில் 'த்ரெஷோல்ட்' என்ற கட்டளை இருக்கிறதே, படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது, அது அந்த முதல் நாளிலேயே இருந்த சங்கதி. சதுரப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்ததற்காக கிர்ஷ் பிற்காலத்தில் வருத்தப்பட்டார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2010 வாக்கில், வெவ்வேறு வடிவப் புள்ளிகளால் படத்தை அமைக்கும் முறை ஒன்றை முன்வைத்தார். 2020ல் காலமானார்.

'பிக்சல்' என்ற சொல் அப்போது பிறக்கவில்லை. 1965ல் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியைச் சேர்ந்த ஃபிரெட் பில்லிங்ஸ்லி நிலா, செவ்வாய்ப் படங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளில்தான் அது முதலில் அச்சேறியது. பிக்சர் என்பதன் பன்மையைப் பத்திரிகைக்காரர்கள் 'பிக்ஸ்' என்று சுருக்கி எழுதுவார்கள். அதோடு எலிமென்ட் என்பதன் தலையைச் சேர்த்தால் பிக்சல். தமிழில் படப்புள்ளி என்கிறோம், அழகான சொல். பேச்சில் பிக்சல்தான் நிலைத்துவிட்டது.

அதே 1965ல் நடந்த இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜூலை மாதம் மரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போனபோது படம் எடுத்தது. ஒரு படத்துக்கு 200க்கு 200 பிக்சல், அதாவது 40,000. ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தையும் சொல்ல 6 பிட். 6 பிட் என்றால் 2ஐ ஆறு தடவை பெருக்கவேண்டும்: 64 அளவு சாம்பல். இதற்குப் பெயர்தான் 'பிட் டெப்த்'. மொத்தம் 2,40,000 பிட். விண்கலம் பூமிக்கு அனுப்பிய வேகமோ நொடிக்கு எட்டு பிட் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரம்!

முதல் படத்தின் எண்கள் வந்துகொண்டிருந்தன, அவற்றைக் கணினி முறையாகப் படமாக்கித் தரும்வரை அங்கிருந்த பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்களை நாடா நாடாகக் காகிதத்தில் அச்சிட்டு, வரிசையாகச் சுவரில் ஒட்டினார்கள். கடையிலிருந்து வண்ணச் சாக்பீஸ் வாங்கிவந்து, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று வைத்துக்கொண்டு கையால் தீட்டினார்கள். விண்கலத்திலிருந்து வந்த முதல் செவ்வாய்ப் படத்தை மனிதர்கள் பார்த்தது அப்படித்தான். டிஜிட்டல் படம் என்றால் எண்களின் பட்டியல் என்று நம் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்று நாம் பயன்படுத்தும் சாதாரணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல், ஒவ்வொன்றுக்கும் 8 பிட், அதாவது 256 அளவு. மூன்றையும் பெருக்கினால் 1.67 கோடி நிறம் வரும். பிரைட்னஸைக் கூட்டினால் கணினி அந்த எண்களைக் கூட்டுகிறது, அவ்வளவுதான் :-) 255க்கு மேல் போக இடமில்லாத எண்கள் எல்லாம் ஒரே வெள்ளையாக அப்பிக்கொள்ளும். நம் விழாப் படங்களில் எல்லோர் நெற்றியும் டியூப்லைட் மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம்.

சரி, 72 எங்கிருந்து வந்தது? 1984ல் வந்த ஆப்பிள் மேகின்டோஷின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல். அச்சுக்கலையில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்ற கணக்கு இருந்ததால் அதற்குப் பொருந்தும்படி வைத்தார்கள். அந்தத் திரை எப்போதோ மியூசியத்துக்குப் போய்விட்டது, எண் மட்டும் இன்னும் நம் மென்பொருள்களில் உட்கார்ந்திருக்கிறது. நல்ல அச்சுக்கு 300 வேண்டும் என்பார்கள். என் தாத்தா 120 பிக்சல் அகலம். 300ல் அச்சிட்டால் ஒரு சென்டிமீட்டர் வருவார். பெரிதாக அச்சிடச் சொன்னால் இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே கணினி சராசரி போட்டுப் புதுப் புள்ளிகளை நிரப்பும். எண்ணிக்கை கூடும், தாத்தாவின் கண்ணோரச் சுருக்கம் கூடாது. இப்போதைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் சுருக்கத்தையும் வரைந்து தருகின்றன. நானும் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். மிகத் தெளிவான ஒரு பெரியவர் வந்தார். பாட்டி பார்த்துவிட்டு "யாருடா இது?" என்றார்.

அந்த மேகின்டோஷோடு வந்த மேக்பெயின்ட்டை எழுதியவர் பில் அட்கின்சன். சுருக்குக்கயிறு போட்டுப் பிடிக்கும் லாசோ, தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் ஓடும் கோடு எல்லாம் பலருக்கும் அறிமுகமானது அதில்தான்.

இனி போட்டோஷாப். 1987ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல், தன் மேகின்டோஷ் திரையில் சாம்பல் நிறம் தெரியவில்லையே என்று அதற்காக ஒரு சின்ன நிரல் எழுதினார். பெயர் 'டிஸ்ப்ளே'. ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு கிராஃபிக்ஸ் செய்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் வேலை பார்த்த தம்பி ஜான் நோல், "இதையும் சேர், அதையும் சேர்" என்று நச்சரித்து அதை வளர்த்துவிட்டார். முதலில் ஒரு ஸ்கேனரோடு சேர்த்துச் சுமார் 200 பிரதிகள் போயின. 1988ல் அடோபி உரிமம் வாங்கியது. 1990 பிப்ரவரியில் முதல் பதிப்பு வந்தது. அது திறக்கும்போது ஓடும் பெயர் வரிசையில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்து, யாரப்பா இந்த ஆள் என்று நம்மூர்ப் பையன்கள் வியந்த காலம் ஒன்று உண்டு.

நோல் சகோதரர்களின் அப்பா ஒரு பேராசிரியர், புகைப்படப் பித்தர். வீட்டின் அடித்தளத்திலேயே இருட்டறை வைத்திருந்தார். தாமஸ் படம் கழுவக் கற்றது அங்கேதான். போட்டோஷாப்பின் டூல்களை இது தெரிந்துகொண்டு பாருங்கள். 'டாட்ஜ்' டூலின் சின்னம் குச்சிமிட்டாய் மாதிரி இருக்கும். இருட்டறையில் காகிதத்தின்மீது வெளிச்சம் விழும்போது, ஒரு பகுதி கறுத்துப் போகாமலிருக்கக் குச்சியில் ஒட்டிய அட்டையால் மறைப்பார்கள், அதன் படம்தான் அது. 'பர்ன்' டூலின் சின்னம் ஒரு கை. கையைக் குவித்து ஓட்டை வழியாக ஓரிடத்தில் மட்டும் கூடுதல் வெளிச்சம் விட்டால் அந்த இடம் கறுக்கும். இருட்டறையையே பார்க்காத நாம் தினமும் அந்தக் கையைச் சொடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு நெடுநாள் குழப்பமாக இருந்தது 'அன்ஷார்ப் மாஸ்க்'. படத்தைக் கூர்மையாக்கும் கட்டளைக்குக் கூர்மையற்ற என்று பெயர் வைத்தது எந்தப் புத்திசாலி என்று நினைப்பேன். அதுவும் இருட்டறை வேலைதான். நெகட்டிவின் மங்கலான பிரதி ஒன்றை எடுத்து, அசலோடு சேர்த்து வைத்து அச்சிட்டால் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். அந்த மங்கலான பிரதிதான் அன்ஷார்ப் மாஸ்க். கணினியும் அதையேதான் செய்கிறது: படத்தை மங்கலாக்கி, அசலிலிருந்து கழித்து, கிடைத்த வித்தியாசத்தை அசலோடு கூட்டுகிறது.

லேயர் 1994ல், போட்டோஷாப் 3.0ல் வந்தது. அதற்கு முன்னால் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டித் தேர்வை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், பிரிக்க முடியாது. கார்ட்டூன் படக்காரர்கள் 1910களிலேயே கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாள்களில் உருவங்களைத் தனித்தனியாக வரைந்து அடுக்கினார்கள், எண்ணம் அங்கிருந்தே இருக்கிறது. கணினியில் இதற்கு ஒரு கூடுதல் எண் தேவைப்பட்டது: இந்தப் புள்ளி எவ்வளவு ஒளி ஊடுருவும் என்று சொல்லும் எண். 1970களின் கடைசியில் எட் காட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் அதை உருவாக்கி 'ஆல்ஃபா சேனல்' என்று பெயர் வைத்தார்கள். பல படி பின்னால் போகவிடும் ஹிஸ்டரி பேனல் 1998ல் 5.0ல்தான் வந்தது. அதுவரை ஒரே ஒரு 'அன்டூ'. பாவம்!

கடைசியாக என் எதிரி, ஜேபெக். இதன் அடியில் இருக்கும் கணிதத்தை 1970களில் உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அவருடன் டி. நடராஜன், கே. ஆர். ராவ் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974ல் வெளியானது. அதற்கு முன்பு இந்த யோசனைக்கு நிதி கேட்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தபோது, ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று நிராகரித்துவிட்டார்களாம். 1992ல் ஜேபெக் தரமானபோது இதுதான் அதன் இதயம். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்க மாற்றங்களைத் தோராயமாக்கித் தூக்கி எறிகிறது. எறிந்தது எறிந்ததுதான். திறந்து, திருத்தி, மறுபடி சேமித்தால் மறுபடி கொஞ்சம் எறியும். பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ் வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1987ல் வந்த ஜிஃப் இப்படி எறியாது, ஆனால் 256 நிறம்தான். அதன் காப்புரிமைச் சண்டையில் பிறந்த பிஎன்ஜி 1996ல் வந்தது, எதையும் எறியாமல் சுருக்கும்.

லேயர்களோடு சேமிக்க போட்டோஷாப்புக்கு ஒரு ஃபார்மட், கிம்ப்புக்கு எக்ஸ்சிஎஃப். கிம்ப்பை ஆரம்பித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் இருவரும் 1995ல் பெர்க்லி மாணவர்கள். அவர்கள் இருந்த மாணவர் கணினிக் குழுவின் பெயர்ச்சுருக்கம்தான் எக்ஸ்சிஎஃப். நம்மைப் போன்ற பசங்கள் எழுதியது, இன்றும் இலவசம்.

போன மாதம் அத்தை வீட்டுப் பீரோவில் ஒரு கல்யாண குரூப் போட்டோ கிடைத்தது. பின்வரிசையில் கோடியில் தாத்தா நிற்கிறார், முகம் நாலு மில்லிமீட்டர் இருக்கும். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, டிஃப் ஃபைலாக மூன்று இடத்தில் வைத்துவிட்டு, ஒரு நகலைத்தான் கிம்ப்பில் திறந்தேன். முகத்தை மட்டும் கிராப் செய்து அளந்து பார்த்தேன். அகலம் 189 பிக்சல். கிர்ஷின் மகனைவிட 13 அதிகம்.