பந்தியும் பண்டமும்

'தூய தமிழ் உணவு' என்றொரு சொல்லாடல் மேடைகளிலும் ஓட்டல் பலகைகளிலும் புழங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு எதிர்முனையில் 'ஃப்யூஷன்' என்கிற சொல். முன்னது கலப்பே நடக்கவில்லை என்கிறது. பின்னது கலப்பு நேற்றுத்தான் நடந்தது, அதுவும் ஒரு சமையல் மேதையின் கைவண்ணத்தால் நடந்தது என்கிறது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் கூட்டாக ஒரு காரியத்தைச் செய்கின்றன: கலந்தவர்கள் யார், எந்த நிர்ப்பந்தத்தில் கலந்தார்கள் என்கிற கேள்வியை இல்லாமலாக்கிவிடுகின்றன.

சிங்கப்பூர் போயிருந்தபோது நண்பர் ஒருவர் ஜப்பானிய-பெரு உணவகம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். பெரிய தட்டின் நடுவில் பத்துத் துண்டு பச்சை மீன். மேலே எலுமிச்சைச் சாறு, சோயா, மஞ்சள் மிளகாய் விழுது. பரிமாறிய பையன், இது இரண்டு மகத்தான மரபுகளின் சந்திப்புன்னு மனப்பாடமா ஒப்பிச்சான். மிளகாய் எனக்குப் பழக்கம்தான். 'சந்திப்பு' என்ற சொல்தான் தொண்டையில் சிக்கியது. மரபுகள் தாமாக நடந்துபோய்ச் சந்தித்துக்கொள்வதில்லை. மனிதர்கள் கப்பலில் ஏற்றப்படுகிறார்கள்.

அந்தக் கப்பலின் பெயர் சகுரா மாரு. 1899 ஏப்ரலில் 790 ஜப்பானியரைப் பெருவின் கயாவோ துறைமுகத்தில் இறக்கியது. நான்கு வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்ட வேலை. நோயிலும் பட்டினியிலும் பலர் செத்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களும் தப்பியோடியவர்களும் லிமா நகரத்தில் முடிதிருத்தகம், பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை என்று போட்டுப் பிழைத்தார்கள். ஊர்ச் சாமான் கிடைக்காத இடத்தில் கிடைத்த மிளகாயையும் எலுமிச்சையையும் வைத்துச் சமைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் புளிப்பில் நெடுநேரம் ஊறப்போட்ட மீனை இவர்கள் ஊறப்போட்டதுமே எடுத்துத் தின்றார்கள். 'நிக்கேய்' என்று இன்று விலைபோகிற பாணிக்கு அடிப்படை இதுதான். நோபு மட்சுஹிசா 1973இல் லிமாவுக்குப் போய்க் கடை வைத்ததும், 1994இல் நியூயார்க்கில் தன் பெயரிலேயே உணவகம் திறந்ததும் இதன் பின்கதை. 2025இல் உலகின் முதல் உணவகமாக லிமாவின் 'மைடோ' தேர்வானது. கதையாடல் இந்தப் பின்கதையிலிருந்து தொடங்கிக்கொள்கிறது.

இடையில் நடந்த ஒன்றை உணவு எழுத்துகள் தாண்டிப் போய்விடுகின்றன. 1940 மே மாதம் லிமாவில் ஜப்பானியர் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. 1942க்கும் 1945க்கும் இடையில் ஏறத்தாழ 1800 பேர் பெருவிலிருந்து அமெரிக்காவின் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்த பிறகும் அவர்களில் பெரும்பாலோரைப் பெரு திரும்ப ஏற்கவில்லை. அவர்கள் கடையில் சாப்பிட்ட ஊர்தான் அவர்களை வெளியே தள்ளியது.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. ராஜபாளையத்திலிருந்து தெற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி தாண்டினால் கடையநல்லூர். அங்கிருந்து பிழைக்கப்போன முஸ்லிம் நெசவாளர்களின் நினைவாகச் சிங்கப்பூரில் கடையநல்லூர்த் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. இவர்களைப் போன்ற தமிழ் முஸ்லிம்களின் கடைகளை மலேயா 'மாமாக்' கடை என்றது. நம்ம 'மாமா'தான் அது. பினாங்கில் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடி கட்டித் தூக்கி விற்றதால் அது 'நாசி கண்டார்'. சீனர் நூடுல்ஸை மிளகாய் விழுதில் பிரட்டினால் 'மீ கோரெங்'. 'மீ' ஹொக்கியன் சீனச் சொல், 'கோரெங்' மலாய்ச் சொல், வாணலியைப் பிடித்த கை தமிழ்க் கை. இதை ஃப்யூஷன் என்று யாரும் சொல்லவில்லை. விலை மலிந்த கலப்புக்கு அந்தப் பெயர் கிடைப்பதில்லை. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தமிழர் உட்பட ஆயிரக்கணக்கான அயல்நாட்டுத் தொழிலாளர்கள் தொற்றுக் காலத்தில் விடுதிகளில் அடைபட்டுப் பொட்டலச் சோறு தின்றதும் அதே 2020இல்தான்.

சரி, ஊரிலேயே இருந்தவர்கள் மட்டும் கலக்காமல் இருந்தார்களா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். போர்த்துக்கீசியரோடு 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்குச் சொல் இல்லாததால் மிளகைக் காயோடு ஒட்டி 'மிளகாய்' என்றோம். உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலையுடையது. நிலக்கடலை, கொய்யா, அன்னாசி எல்லாம் அந்தப் பக்கத்தவை. பறங்கிக்காய் தன் பிறப்பைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. நம் கரிசலில் ஏறிய கம்போடியாப் பருத்திகூட அமெரிக்க இனம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் 'பால்' நம்முடையது, 'கோவா' இந்துஸ்தானி. ராஜபாளையமே தெலுங்கு பேசும் ராஜுக்கள் வந்து குடியேறி எழுந்த ஊர்.

இந்த வரவை மறுத்த ஒரே இடம் சடங்கு. பழைய வழக்கத்தைப் பேணுகிற வைணவ மடைப்பள்ளிகளில் காரத்துக்கு மிளகுதான், மிளகாய் கிடையாது. பிராமணர் வீட்டுத் திதிச் சமையலில் உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் இடமில்லை. ஆக 'தூய உணவு' என்று ஒன்றை நிஜமாகவே தேடிப்போனால் அது கொண்டுபோய் நிறுத்துவது மடைப்பள்ளி வாசலில். தமிழ் அடையாளத்தின் பேரால் அந்த வாசலில் போய் நிற்பதன் அரசியலைத் தூய்மைவாதிகள் யோசிப்பதில்லை.

கலப்பைக் கொண்டாடுகிறவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. நானூறு வருஷமாக எல்லாச் சாதி அடுப்பிலும் ஒரே மிளகாய் தாளிக்கப்பட்டது. ஆனால் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது 1924-25இல் தமிழ்நாட்டையே உலுக்கியது. இலையில் என்ன விழுந்தது என்பதில் அங்கே சண்டை இல்லை. இலை யார் பக்கத்தில் விரிந்தது என்பதில்தான் சண்டை. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையிலும் ஊற்றப்பட்டது ஒரே டீத்தான்.

பண்டம் கலந்துவிட்டதால் மனுசன் கலந்துவிடுவதில்லை. லிமா காட்டுவதும் இதைத்தான், சேரன்மாதேவி காட்டுவதும் இதைத்தான். பண்டம் காசு கொடுத்தால் எல்லை தாண்டும். பந்தி அப்படித் தாண்டுவதில்லை, யாராவது சண்டை போட்டால்தான் தாண்டுகிறது. ஆகவே உணவின் வரலாற்றை எழுத முன்வருகிறவர்கள் சமையல் குறிப்போடு நிறுத்திக்கொள்ள முடியாது. எந்தக் கப்பல், எத்தனை வருஷ ஒப்பந்தம், எந்தப் பந்தியில் யாருக்கு இடம் மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதியாக வேண்டும்.